வெள்ளைக் கொக்கும் ராதாரிச் சீட்டும்

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி மேற்கே இறங்கினால் தேனி தொடங்கிக் கூடலூர் வரை நீளும் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில், கோயில் திருவிழா என்றால் ஓர் இரவு நாடகத்துக்கென்று ஒதுக்கப்பட்டுவிடும். பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'. இரவு பத்து மணிக்குமேல் ஆர்மோனியம் ஒலிக்கத் தொடங்கும். சாக்கையும் பாயையும் விரித்துப் பிள்ளைகளை மடியில் கிடத்தியபடி ஊர் உட்கார்ந்திருக்கும். முருகன் வள்ளியைக் கைப்பிடிக்கும்போது கிழக்கு வெளுத்திருக்கும். முதலில் வருபவர் பபூன். மேடையோரம் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் பந்தோபஸ்துக் காவலர்களை அவர் விட்டுவைப்பதில்லை. தொப்பை, லத்தி, மாமூல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்வார். கூட்டம் சிரிக்கும். காவலரும் வேறு வழியின்றிச் சிரித்துவைப்பார்.

பலமுறை கேட்ட பகடிதான் என்பதால் நாம் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் மேடையில் நிற்பவர் போலீசைப் பார்த்துச் சிரிப்பதும், போலீஸ் அதைப் பொறுத்துக்கொள்வதும் எளிதில் வந்து சேர்ந்தவை அல்ல. அந்தச் சிரிப்பின் வரலாறு அவ்வளவாகச் சிரிக்கத்தக்கதும் அன்று.

நம் இலக்கண மரபு நகையைச் சாதாரணமாகக் கருதவில்லை. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்தார். அந்த நகை பிறக்கும் இடங்களுள் எள்ளலை முதலில் வைத்தார். செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாகப் பகுத்தார். முகத்துக்கு நேரே பழிப்பது ஒன்று; பழிப்பை வேறொரு பொருளுக்குள் ஒளித்துவைப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு ஔவையாரைவிடச் சிறந்த சான்று இல்லை. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவை, அவன் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டுப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. இவை மாலை சூடி நெய் பூசி அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற பொருளில் அமைந்த அப்பாட்டு கேட்பதற்குப் புகழ்ச்சி போலிருக்கும். ஆயுதம் ஏந்தியவனுக்கு முன் ஆயுதமில்லாத ஒருவர் செய்யக்கூடியது என்ன என்ற கேள்விக்கு நம்மிடமுள்ள மிகப் பழைய விடைகளுள் ஒன்று அது. தொண்டைமான் அதைக் கேட்டுக் கோபப்பட்டிருந்தால், தன் வேல்கள் போர்க்களம் காணாதவை என்று தானே ஒப்புக்கொண்டதாகியிருக்கும். பழிகரப்பு அங்கதத்தின் பொறி இருப்பது இவ்விடத்தில்தான். கோபப்பட வேண்டுமானால் முதலில் பொருளை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தப் பொறியில் விழுந்த ஓர் அரசு, விழுந்த கோபத்தில் ஒரு சட்டத்தையே இயற்றியது. நம் ஊர்க் கொட்டகைகளைப் பல்லாண்டுகள் ஆட்டிப்படைத்த அச்சட்டம் பிறந்த ஊர் கல்கத்தா.

வேல்ஸ் இளவரசர் 1875-76 குளிர்காலத்தில் கல்கத்தா வந்தபோது, ஜகதானந்த முகர்ஜி என்ற வழக்கறிஞர் அவரைத் தம் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்துச்சென்று பெண்களைக் கொண்டு வரவேற்கச் செய்தார். ஊர் கொதித்தது. கிரேட் நேஷனல் தியேட்டர் குழுவினர் இதை வைத்து 'கஜதானந்தரும் யுவராஜரும்' என்றொரு கேலி நாடகம் போட்டனர். போலீஸ் தடுத்தது. பெயரை மாற்றி 'அனுமான் சரித்திரம்' என்று போட்டனர். அதையும் தடுத்தது. அப்போது கல்கத்தாவின் போலீஸ் கமிஷனர் ஹாக், சூப்பரின்டெண்டென்ட் லாம்ப். ஆங்கிலத்தில் முன்னது பன்றியின் பெயராகவும் பின்னது ஆட்டுக்குட்டியின் பெயராகவும் ஒலிக்கும். நாடகக்காரர்களுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? 1876 மார்ச் முதல் தேதி, பன்றியும் ஆடும் நடத்தும் போலீசைப் பற்றிய ஒரு பிரகசனம் மேடையேறியது.

அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். சில நாட்களில் போலீஸ் கொட்டகைக்குள் புகுந்து உபேந்திரநாத் தாஸ், அமிர்தலால் பாசு முதலானோரைக் கைது செய்தது. ஆனால் குற்றச்சாட்டு பன்றியைப் பற்றியதும் அன்று, இளவரசரைப் பற்றியதும் அன்று. 'சுரேந்திர வினோதினி' என்ற வேறொரு நாடகம் ஆபாசமானது என்று வழக்குப் போட்டார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதே. பன்றி என்ற கேலிக்கு வழக்குத் தொடுத்தால், அந்தப் பன்றி யார் என்று கமிஷனரே கூண்டில் நின்று சொல்லவேண்டியிருக்கும். கீழ்நீதிமன்றம் விதித்த ஒரு மாதச் சிறைத் தண்டனையை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இருந்தும் வைசிராய் நார்த்புரூக் அதற்கு முன்பே அவசரச் சட்டம் பிறப்பித்துவிட்டார். அவ்வாண்டின் இறுதியில் அதுவே நாடக நிகழ்ச்சிகள் சட்டமாயிற்று. அவதூறானது, அரசின்மீது வெறுப்பூட்டுவது என்று கருதப்படும் எந்த நாடகத்தையும் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. போலீசின் பெயரை வைத்துச் செய்த சிலேடைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதை நாடக வரலாறு எழுதுவோர் போகிறபோக்கில்தான் சொல்கிறார்கள். நமக்கோ அதுவே முக்கியமாகப் படுகிறது.

அச்சட்டம் மதுரை ஜில்லாவுக்கும் வந்து சேர்ந்தது. தேனி தனி மாவட்டமானது 1996இல்தான். அதுவரை கம்பம் பள்ளத்தாக்கு மதுரை மாவட்டத்தின் மேற்கு மூலையாகவே இருந்தது. மதுரையில் வேர்கொண்ட நாடகமே இங்கும் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தபோது ஒரு பெரும் நாடகக் களஞ்சியத்தை விட்டுச்சென்றிருந்தார். அதைச் சுமந்தவர்கள் 'ஸ்பெஷல் நாடக' நடிகர்கள். ஓர் ஊரிலிருந்து ராஜபார்ட், வேறோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட், இன்னோர் இடத்திலிருந்து பபூன் என்று தனித்தனியே அமர்த்தப்பட்டு, மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. பாட்டு மனப்பாடம், வசனமோ அன்றைய இரவு அவரவர் வாய்க்கு வருவது. தர்க்கம் என்ற பெயரில் வள்ளியும் முருகனும் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். இத்தகைய நாடகத்தை எந்தக் கையெழுத்துப் பிரதியை வைத்துத் தணிக்கை செய்வது? முன்கூட்டியே காட்டிய பிரதியில் முருகன் இருப்பார், வேடன் இருப்பார், கிழவன் இருப்பார். வெள்ளைக்காரன் எங்கும் இருக்கமாட்டான்.

அவன் நுழைந்த இடம் தினைப்புனம். வள்ளி பரண்மீது நின்று ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டும் காட்சி நாடகத்துக்கு உயிர். கதிரைத் தின்னவரும் பறவைகளில் ஒரு கொக்கைச் சேர்த்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? கொக்கு வெள்ளை நிறம். அது கடல் தாண்டி வந்தது. நம் விளைச்சலைத் தின்கிறது. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியதாகப் பெரிதும் சொல்லப்படும் அந்தக் கொக்குப் பாட்டைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசென்றவர் எஸ்.எஸ். விஸ்வநாததாஸ். (பாஸ்கரதாஸின் இயற்பெயர் வெள்ளைச்சாமி என்பது கொக்குக்கே தெரியாத வேடிக்கை. அவருடைய பேரர்கள்தாம் நம் வாசகர்கள் நன்கறிந்த ச. தமிழ்ச்செல்வன், கோணங்கி, முருகபூபதி ஆகியோர்.)

விஸ்வநாததாஸ் 1886இல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். அவர் மேடையேறும் கொட்டகையில் சீருடையிலும் சாதாரண உடையிலும் போலீஸ் காத்திருக்கும். கொக்குப் பாட்டு வருமா வராதா என்பதே கூட்டத்தின் எதிர்பார்ப்பு. போலீசின் எதிர்பார்ப்பும் அதுவே. அந்தச் சூழலைச் சற்றே மனத்தில் நிறுத்திப் பார்க்கலாம். பாட்டு முடியும்வரை அதிகாரி சும்மா இருந்தால் ஊர் அவரைப் பார்த்துச் சிரிக்கும். மேடையேறிக் கைது செய்தாலோ கொக்கு என்றால் துரைதான் என்று அரசாங்கமே கூட்டத்துக்கு உரை எழுதிக் கொடுத்ததாகும். அதுமட்டுமா? வாரண்டில் எழுதியிருப்பது ஒரு மனிதரின் பெயர். மேடையில் வேலோடு நிற்பதோ முருகப்பெருமான். விடியும்வரை விழித்திருந்து முருகனைக் காண வந்த கூட்டத்தின் முன்னால் முருகனின் கையில் விலங்கு பூட்டும் இன்ஸ்பெக்டர், கதைப்படி சூரபத்மனின் பக்கம்தான் நின்றாக வேண்டும். ஔவை தொண்டைமானுக்கு வைத்த பொறியை நாடகக்காரர்கள் இன்னும் பெரிதாகக் கட்டியிருந்தார்கள்.

ஆனால் தொண்டைமான் ஔவையைச் சிறையில் அடைத்ததாகச் செய்தி இல்லை. விஸ்வநாததாஸ் 29 முறை கைது செய்யப்பட்டார் என்கிறார்கள். பொறி எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும் அதில் அகப்பட்ட அரசு பொறி வைத்தவரின் உடம்பைத்தான் பிடித்துக்கொண்டது. எள்ளல் ஓர் ஆயுதம் என்று எழுதிவிட்டுப் போவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை என்பது நமக்கு நெடுநாளாக உள்ள குறை. ஒவ்வொரு சிறைவாசமும் நடிகருக்குக் கூலியில்லாத மாதங்கள். கைதாகக்கூடிய நடிகரை அமர்த்த நாடகக் காண்டிராக்டர் தயங்குவார். திருமங்கலத்து வீடு கடனில் மூழ்கியது. போருக்கு ஆதரவாகப் பிரசாரம் செய்தால் கடனைத் தீர்த்துவிடுவதாக ஆளுநர் எர்ஸ்கின் தரப்பிலிருந்து ஆசை காட்டப்பட்டதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் சொல்லப்படுகிறது.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. அவர் மருத்துவர் குலத்தில் பிறந்தவர். நாவிதர் மகனோடு ஜோடியாக நடிக்கமாட்டோம் என்று மறுத்த நடிகைகள் இருந்தார்கள். மேடையில் முருகனாகக் கும்பிடப்பட்டவர் மேடைக்குப் பின்னால் தீண்டத் தயங்கப்பட்டார். வெள்ளைக் கொக்கை விரட்டும்போது கைதட்டிய கைகள் எல்லாம் இந்த விஷயத்தில் அவர் பக்கம் நின்றனவா என்று கேட்டால், இல்லை என்றே சொல்லவேண்டும். அவருடன் துணிந்து மேடையேறியவர்களுள் ஒருவர் கே.பி. ஜானகி அம்மாள். பின்னாளில் கம்யூனிஸ்டாகி, 1967இல் சட்டமன்ற உறுப்பினரானவர்.

1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்'. மயில்மீது முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்த விஸ்வநாததாஸ் அப்படியே உயிர் நீத்தார். வயது 54.

நாடு விடுதலையடைந்தபின் இச்சட்டம் தானாகவே உதிர்ந்திருக்கும் என்று நாம் எண்ணுவோம். நடந்தது வேறு. எம்.ஆர். ராதாவின் கேலிக்கு அஞ்சிய சென்னை அரசு 1954இல் தனக்கென்று புதிய நாடகச் சட்டத்தையே இயற்றிக்கொண்டது. ராதாவின் வழி பழிகரப்பு அன்று, செம்பொருள். அன்றைய செய்தித்தாளை அன்றிரவே மேடையில் கிழித்துப்போடுவார். தடை வந்தால் தலைப்பை மாற்றிவிட்டு நாடகத்தை நடத்துவார். எண்பதாண்டுகளுக்கு முன் கல்கத்தாக்காரர்கள் செய்த அதே வேலை. அதை அவர் அறிந்து செய்தாரா என்பது முக்கியமில்லை. தடைச்சட்டம் ஒன்றாக இருந்தால் தப்பும் வழியும் ஒன்றாகத்தான் இருக்கும்போலும். நாடகப் பிரதியைப் போலீஸ் கமிஷனரிடம் காட்டி அனுமதி பெறவேண்டும் என்ற வழக்கத்தை எதிர்த்துப் 'பரீக்ஷா' ஞாநி தொடுத்த வழக்கில், அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2013இல்தான் தீர்ப்பளித்தது. 1876ஆம் ஆண்டின் மூலச் சட்டம் 2018இல் நீக்கப்பட்டது. பன்றியும் ஆடும் மேடையேறி அதற்குள் 142 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

சட்டம் போனாலும் கைது போவதில்லை. மதுக்கடைகளை மூடச்சொல்லிப் பாடிய மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன், 2015 அக்டோபர் 30 அன்று அதிகாலையில் திருச்சியில் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். அதுவரை அப்பாட்டைக் கேட்டிராதவர்களெல்லாம் அன்றைக்குக் கேட்டார்கள். கொக்கு யார் என்று இம்முறையும் போலீசே உரை எழுதிக் கொடுத்தது.

பள்ளத்தாக்கின் சொந்தக் குரல் ஒன்றையும் சொல்லாமல் போகக்கூடாது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். ஊரே முணுமுணுக்கும் சினிமா மெட்டில் வேறு சொற்களைப் போட்டுப் பாடுவது அவர் முறை. மெட்டு ஒன்றை எதிர்பார்க்க வைக்கும், சொல் வேறொன்றைத் தரும். அந்த இடைவெளியில் சிரிப்பு பிறக்கும். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காக மலையேறிச் சென்று, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே காங்கிரசின் இரட்டைக் காளைச் சின்னத்தை அவர் பகடி செய்து பாடியது இன்றும் இங்கே கதையாக உலவுகிறது. அந்தப் பாட்டுகளின் இலக்கு போலீஸ் அன்று, காங்கிரஸ் கட்சி. ஆயினும் சின்னத்தைப் பிடித்து அதையே விலங்காக்கி ஓடவிடும் உத்தி கொக்குப் பாட்டின் தம்பிதான். வரதராஜனின் தம்பிகள் யாரென்று சொல்லத் தேவையில்லை. அதில் ஒருவரை உலகம் இளையராஜா என்று அறியும்.

இவ்வளவும் சிரிக்க முடிந்தவர்களின் கதை. இங்கே நிறுத்திவிட்டால் கட்டுரை இனிமையாக முடிந்துவிடும். ஆனால் இதே மண்ணில், இதே ஆண்டுகளில், போலீசின் கை மிகக் கடுமையாக விழுந்த இடம் நாடகக் கொட்டகை அன்று.

1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் 1914இல் மதுரையை அடுத்த கீழக்குயில்குடியில் தொடங்கிச் சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதன்மீதும் விரிக்கப்பட்டது. உசிலம்பட்டி வட்டாரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழ்ந்த அச்சமூகத்தின் ஆண்கள், எந்தக் குற்றமும் செய்யாதிருந்தாலும் பிறப்பாலேயே சந்தேகத்துக்குரியவர்களாக்கப்பட்டுக் கைரேகை பதிக்க வேண்டியவர்களானார்கள். அன்றைய திருமங்கலம் தாலுகாவைச் சேர்ந்த பெருங்காமநல்லூர் இதற்கு உடன்பட மறுத்தது. 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தனர். பள்ளத்தாக்கிலிருந்து மதுரைக்குப் போகும் வழிதான் அது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்ற பெயர்ப்பலகையைத் தேனி மாவட்டத்தில் பார்க்கும் வெளியூர் நண்பர்கள் அப்பெயரின் பொருளைக் கேட்பதுண்டு. நாம் இந்தத் துப்பாக்கிச் சூட்டிலிருந்துதான் விளக்கத் தொடங்க வேண்டியிருக்கிறது.

அச்சட்டத்தின்கீழ் வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும். அதைவிடக் கொடியது இரவு பற்றிய விதி. பதிவு செய்யப்பட்ட ஆண்கள் இரவில் போலீஸ் ஸ்டேஷனிலோ ஊர்ச் சாவடியிலோ வந்து ஆஜராக வேண்டும். பலர் அங்கேயே படுத்துக் கிடந்தார்கள். இப்போது முதலில் சொன்ன நாடகத்தை நினைத்துக்கொள்ளலாம். அது இரவு பத்துக்குத் தொடங்கி விடியலில் முடிவது. கொக்கு பறப்பது நள்ளிரவில். திருமங்கலத்துக் கலைஞர் ஒருவர் முருக வேடத்தில் போலீசைத் திணறடித்த அதே இரவுகளில், அதே தாலுகாவின் ஆண்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பெயர் கூப்பிடக் காத்திருந்தார்கள். போலீசை எள்ளிச் சிரிக்க மற்றெவரைவிடவும் உரிமையுடையவர்களுக்கு அந்தச் சிரிப்பு நிகழும் பொழுதே மறுக்கப்பட்டிருந்தது. எள்ளலுக்கு ஒரு கொட்டகை வேண்டும், கூட்டம் வேண்டும், விளக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் தனக்கென்று ஓர் இரவு வேண்டும். பெருங்காமநல்லூரில் பழிகரப்புக்கு இடமே விட்டுவைக்கப்படவில்லை. அங்கே மறுப்பு மட்டுமே மிஞ்சியிருந்தது. மறுப்புக்குக் குண்டு கிடைத்தது.

அவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்ற ஜார்ஜ் ஜோசப்புக்கு அம்மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று பெயர் வைத்தார்கள். கோட்டில் ரோஜாப்பூ செருகியவர் என்பதால் வந்த பெயர் அது. துரை என்ற சொல் அச்சுறுத்தலாக மட்டுமே ஒலித்த காலத்தில், அச்சொல்லைப் பிடுங்கி ஒரு பூவைச் சேர்த்துத் தம்மவர் ஒருவருக்குச் சூட்டியதில் மெல்லிய குறும்பு தெரிகிறது. இந்த வரலாற்றில் அவர்களிடமிருந்து நமக்குக் கேட்கும் ஒரே சிரிப்பு இதுதான்.

குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது. அதன்பின் வந்த திருவிழாக்களில் அந்த ஊர்களின் ஆண்கள் சீட்டு வாங்காமல் அடுத்த ஊருக்கு நடந்துபோய், விடிய விடிய உட்கார்ந்து 'வள்ளி திருமணம்' பார்க்க முடிந்தது. பபூன் வந்தார், போலீசைக் கேலி செய்தார். வள்ளி ஆலோலம் பாடினாள். கொக்குப் பாட்டைப் பாடியவர் மட்டும் மயில்மீது இறந்துபோய் ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன.